கம்பளியை எடைபோட்டவர்களும் குட்டியை எண்ணியவர்களும்

போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து நானூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில், மழை மறைவில் கிடக்கும் ஊர். தென்மேற்குப் பருவமழை மலைக்கு மறுபக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்காற்றாக இறங்கும். மேற்கே போடிமெட்டு ஏறினால் ஏறத்தாழ 1,400 மீட்டரில் வேறொரு உலகம்: நிழல் மரங்களுக்கடியில் ஏலக்காடு, ஈர மண், அட்டை. வடக்கே பழனி மலையின் மேல்தளத்தில், வான்வழியே அளந்தால் போடியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், 2,000 மீட்டர் உயரத்தை ஒட்டி மன்னவனூர் இருக்கிறது. அங்கே புல்வெளியும் பனியும் குளிரும். செம்மறி ஆட்டின் கண்ணோடு பார்த்தால் இவை மூன்று தனி நாடுகள். சமவெளியில் மயிர் குட்டையான நாட்டுச் செம்மறி நெடுங்காலமாக மேய்கிறது. நடுவிலிருக்கும் ஏலக்காடு செம்மறிக்கு மேய்ச்சல் நிலமாக ஆனதே இல்லை. மேல்தளத்துக்கு 1965இல் அரசே ஆட்டைக் கொண்டுபோனது. மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் அந்த ஆண்டில்தான் மன்னவனூரில் தொடங்கியது. அடிவாரத்து ஆடும் மேல்தளத்து ஆடும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமலே அறுபது ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. ஆனால் இரண்டையும் சுற்றி எழுந்த கேள்வி ஒன்றேதான்: தூய இனம் மேலா, கலப்பினம் மேலா?

இந்தக் கேள்விக்குத் தென்னிந்திய மலைகளில் நூறாண்டுக்கும் மேலாகப் பதில் தேடியிருக்கிறார்கள். பதில் தெளிவாகக் கிடைக்காமல் போனதற்குக் காரணம் அளவுகோல்தான். பண்ணைகள் கம்பளியை எடைபோட்டன. ஆடு வளர்த்தவர்கள் பிழைத்த குட்டியை எண்ணினார்கள். முதல் கணக்கில் கலப்பினம் எளிதாக வென்றது. இரண்டாம் கணக்கில் அது சில இடங்களில் மட்டும் வென்றது. சமவெளியில் பெரும்பாலும் தோற்றது. வரலாறு கடைசியில் இரண்டாம் கணக்கையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டது. அது வெறும் பழக்கத்தின் பிடிவாதம் அல்ல, அதற்கு உயிரியல் காரணமும் பொருளியல் காரணமும் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குட்டிக் கணக்கு தமிழ்நாட்டில் எவ்வளவு பழையது என்பதற்குக் கல்வெட்டே சாட்சி. சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைக்க விரும்பியவர்கள் பொன்னாக மட்டும் கொடுக்கவில்லை, ஆடாகவும் கொடுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று ஈடு வகுக்கப்பட்டிருக்கிறது. ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த மந்தையைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கின்றன. ஆடு சாகும், கிழடாகும் என்பது எழுதியவருக்கும் தெரியும். ஆனால் செத்ததற்கு ஈடாக மறி, அதாவது இளம்பெட்டை, வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும், எண்ணிக்கை 96ஐ விட்டு இறங்கக்கூடாது என்பதே ஒப்பந்தம். இன்றைய ஆராய்ச்சி நிலையங்கள் இனப்பெருக்கத் திறன் என்று அளப்பதை அந்த ஒப்பந்தம் ஒரே நிபந்தனையில் அடக்கிவிட்டது. எத்தனை பெட்டை சினையானது, எத்தனை ஈன்றது, எத்தனை குட்டி பால் மறந்தது, அதில் எத்தனை மறி தாயின் இடத்துக்கு வந்து நின்றது என்ற நான்கு கேள்விக்கும் விடை அந்த 96இல் இருக்கிறது. ஈடுசெய்தது போக மிஞ்சியது இடையருக்கு. மிச்சம் வராத மந்தையை எவரும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

இந்தச் சிந்தனை கோயிலோடு நின்றுவிடவில்லை. பெண்ணாட்டை ஒருவர் கொடுக்க, இன்னொருவர் மேய்த்து வளர்க்க, பிறக்கும் குட்டியை இருவரும் பங்கிட்டுக்கொள்ளும் வாரமுறை தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் உண்டு. அங்கே ஆட்டின் உயரமோ நிறமோ பங்குக்கு வராது. உயிரோடு நிற்கும் குட்டிதான் வரும். சமவெளியின் இன்னொரு வருமானம் கிடை. அறுவடை முடிந்த வயலில், மந்தையை நடத்திச் செல்லும் கீதாரி அதை இராத்தங்க விட்டு, புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குச் சேர, கிடைக்கூலி வாங்குவார். கூலி தலையெண்ணிக்கையைப் பொறுத்தது. தலையெண்ணிக்கை குட்டியைப் பொறுத்தது. மதுரை, விருதுநகர், இராமநாதபுரம் பக்கங்களில் மேயும் கீழக்கரிசல், வேம்பூர், கச்சைகட்டி கருப்பு, இராமநாதபுரம் வெள்ளை ஆகிய இனங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் தேறி வந்தவை. இவற்றின் உடலில் நூற்பதற்கான கம்பளி கிடையாது. பெரும்பாலும் ஒற்றைக்குட்டி போடுபவை, இரட்டை அரிது. ஆனால் ஐந்து மாதச் சினைக்குப் பிறகு, மேய்ச்சல் கிடைத்தால் விரைவில் மறுபடி பருவத்துக்கு வரும். இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று என்பது நல்ல மேய்ச்சல் உள்ள மந்தையில் எட்டக்கூடியதே. பல காதம் நடந்துகொண்டே சினை தாங்கி, வழியிலேயே ஈன்று, குட்டி நடக்கத் தொடங்கும்வரை கூடையில் சுமக்கப்படும் வாழ்க்கைக்கு ஒற்றைக்குட்டிதான் பொருந்தும்.

மலைக்கு ஆடு ஏறிய கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரியில் ஆங்கிலேயர் தங்கள் குளிர்நாட்டை மறுபடி உண்டாக்க முயன்றபோது, டாஸ்மேனிய மெரினோ, செவியட், சௌத்டவுன் கிடாக்கள் உள்ளூரின் கோயம்புத்தூர்ச் செம்மறியோடு கலந்தன. அந்தக் கலப்பிலிருந்து வந்ததே இன்று தனி இனமாக எண்ணப்படும் நீலகிரிச் செம்மறி. பின்னால் உதகைக்கு அருகே சாந்திநல்லாவில் அமைந்த செம்மறி ஆராய்ச்சி நிலையம் நீலகிரிச் செம்மறியோடு மெரினோவையும் ராம்பூலேயையும் மறுபடி கலந்து சாந்தினோ என்ற புது இனத்தை வளர்த்தது. அதில் எட்டில் ஐந்து பங்கு வெளிநாட்டு இரத்தம், மூன்று பங்கு நீலகிரி. ராஜஸ்தானின் அவிகாநகரில் 1962இல் தொடங்கிய மத்திய நிறுவனம், சோக்லா, நாலி போன்ற அப்பகுதி ஆடுகளை ராம்பூலே, சோவியத் மெரினோ கிடாக்களோடு சேர்த்து, முக்கால் பங்கு அயல் இரத்தம் உள்ள பாரத் மெரினோவை உருவாக்கியது. பாலைவன ஓரத்தில் உருவான அந்த மந்தை பிறகு மன்னவனூருக்கு மாற்றப்பட்டது. இடத்தை மாற்ற வேண்டியிருந்தது என்பதே இந்த வரலாற்றின் ஒரு தீர்ப்பு. இனத்தை உருவாக்கியவர்களே, தாங்கள் கலந்தவற்றில் தட்பவெப்பமும் ஒரு பங்காளி என்று ஒப்புக்கொண்டார்கள். இறைச்சிக்காகவும் இதே சோதனை நடந்தது. 1970களில் அனைத்திந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ், ஆந்திரத்தின் பலமனேரில் நெல்லூர், மாண்டியா ஆடுகளோடு டார்செட், சஃபோக் கிடாக்களைச் சேர்த்தார்கள். தொட்டியில் தீவனம் விழுந்தவரை கலப்புக் குட்டிகள் எடையில் முந்தின. மேய்ச்சலை மட்டும் நம்பி விட்டபோது அந்த முந்தல் சுருங்கியது. 1990இல் அத்திட்டம் வலைப்பின்னல் திட்டமாக மாறியபோது நோக்கமும் மாறியது. நாட்டு இனங்களை அவற்றுக்குள்ளேயே தேர்ந்தெடுத்து மேம்படுத்துவது முன்னால் வந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பணி காட்டுப்பாக்கத்தில் சென்னைச் சிவப்புக்கும் பொட்டனேரியில் மேச்சேரிக்கும் நடந்தது.

கம்பளியை ஏன் முதலில் அளந்தார்கள் என்பதற்கு ஆங்கிலேயர் ஆசையும் ஆலை முதலாளியின் தேவையும் மட்டும் காரணமல்ல. அளப்பது சுலபம் என்பதும் காரணம். கத்தரித்த அன்றே தராசில் வைத்தால் எடை வந்துவிடும். கிடாவுக்கும் உண்டு, பெட்டைக்கும் உண்டு. கம்பளி எடையும் உடல் வளர்ச்சியும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு ஓரளவு உறுதியாக இறங்கும் பண்புகள். ஆகவே மூன்று நான்கு தலைமுறையில் முன்னேற்றத்தைக் கோட்டுப்படமாகக் காட்டலாம். குட்டிக் கணக்கு அப்படியல்ல. அது பெட்டையிடம் மட்டும், ஈற்றுக்கு ஒருமுறை, பல காரணங்கள் கலந்து வெளிப்படும். சினையாவதில் பரம்பரையின் பங்கு மிகக் குறைவு. மேய்ச்சல், வெயில், நோய், கிடாவின் நிலை ஆகியவற்றின் பங்கே பெரிது. ஒரு பெட்டை நல்ல ஈற்றுக்காரியா என்று தெரிய ஐந்தாறு ஆண்டு ஆகும். அதற்குள் பண்ணையின் திட்டக்காலம் முடிந்து அதிகாரி மாறிவிடுவார். சீக்கிரம் அளக்க முடிந்தது முக்கியமானதாகிவிட்டது. மெதுவாகத் தெரிய வேண்டியது அடிக்குறிப்பாகிவிட்டது.

அந்த அடிக்குறிப்பில் என்ன நடந்தது என்பதை உடற்கூறு விளக்குகிறது. செவியட், சௌத்டவுன், சஃபோக் போன்ற பிரிட்டன் ஆடுகள் பகல் குறையும் பருவத்தில்தான் இணை சேரும். குட்டி வசந்தத்தில் பிறக்க வேண்டும் என்பது அவற்றின் நாட்டின் கட்டளை. போடி பத்தாம் அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரமே வித்தியாசம். நாட்டு ஆடு அந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது. மழைக்குப் பின் பசும்புல் தலைகாட்டினால் பருவத்துக்கு வரும். மெரினோவும் டார்செட்டும் பருவக்கட்டில் தளர்வானவை. ஆகவே கலப்புக்கு அவை பொருத்தமாகத் தோன்றின. ஆனால் வெயில் இன்னொரு தடை. கிடாவின் விதை உடல் வெப்பத்தைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் உயிருள்ள விந்து உருவாகும். அது உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆவதால், சித்திரை வெயிலில் தாக்குண்ட கிடா ஆனியிலும் மலடாகத் திரியக்கூடும். தோல் முழுவதும் கம்பளி போர்த்திய கிடாவுக்குத் தேனிச் சமவெளியின் கோடை எப்படிப்பட்டதென்று சொல்லத் தேவையில்லை. பெட்டைக்கும் இது பொருந்தும்: சினைபிடித்த முதல் நாட்களின் கடும் வெப்பம் கருவைக் கலைத்துவிடும்.

கலப்பினத்தின் வலிமையையும் மறைக்கக்கூடாது. இரு தொலைவான இனங்களைச் சேர்த்தால் முதல் தலைமுறையில் கலப்பு வீரியம் பளிச்சென்று தெரியும். பரம்பரையாக அதிகம் இறங்காத பண்புகளான சினைப்பிடிப்பிலும் குட்டிப் பிழைப்பிலும்தான் அந்த வீரியம் அதிகம். ஆனால் கலப்பையே கலப்போடு சேர்த்து அடுத்த தலைமுறை எடுத்தால் வீரியத்தில் பாதி கரைந்துவிடும். போடிக்காரருக்கு இதை ஏலச்செடியைக் கொண்டே சொல்லலாம். இந்த மலைகளில் பயிராகும் வழுக்கை வகை, மலபார் வகைக்கும் மைசூர் வகைக்கும் இயற்கையாக உண்டான கலப்பென்று கருதப்படுகிறது. நல்ல தூர் ஒன்று கண்ணில் பட்டால் விவசாயி அதன் பக்கக் கன்றைப் பிரித்து நடுகிறார். தாயின் வீரியம் அப்படியே அடுத்த குழிக்குப் போகிறது. கலப்பு கலையாமல் ஆயிரம் செடியாகிறது. ஆட்டுக்குப் பக்கக் கன்று கிடையாது. ஒவ்வொரு தலைமுறையும் இணைசேர்ந்தே பிறக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் சீட்டு மறுபடி கலைக்கப்படும். வீரியத்தைக் காக்க வேண்டுமானால் தூய தாய் மந்தை ஒன்றையும் தூய தந்தை மந்தை ஒன்றையும் என்றென்றைக்கும் தனித்தனியாக வளர்த்து, முதல் கலப்பையே திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். அரசுப் பண்ணையால் அது முடியும். கிடையோடு ஊர் ஊராக நகரும் கீதாரியால் முடியாது. ஆக, கலப்பினம் நிலைக்க வேண்டுமென்றால்கூடத் தூய இனம் அழியாமல் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு நாம் வந்து சேர்கிறோம்.

இங்கே முதல் மறுப்பு எழும். குட்டி எண்ணிக்கை சற்றுக் குறைந்தாலென்ன, கலப்புக் குட்டியின் எடை கூடுதல்தானே, எடைக்குத்தானே விலை? கணக்குக்காக ஓர் உதாரணம் எடுப்போம். நூறு நாட்டுப் பெட்டையில் 80 குட்டி பிறந்து, 72 பால் மறந்து, ஒவ்வொன்றும் 12 கிலோ நின்றால் மொத்தம் 864 கிலோ. நூறு கலப்புப் பெட்டையில் 65 பிறந்து, 52 தேறி, ஒவ்வொன்றும் 15 கிலோ நின்றால் 780 கிலோ. குட்டிக்குக் குட்டி கால் பங்கு கனமாக இருந்தும் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு குறைவு. இதோடு நிற்காது. இரு மந்தையிலும் ஆண்டுக்கு 20 பெட்டை கிழடாகியோ செத்தோ கழியும் என்று வைத்தால், 20 மறியை முதலில் ஒதுக்க வேண்டும். நாட்டு மந்தையில் விற்க மிஞ்சுவது 52 குட்டி, 624 கிலோ. கலப்பு மந்தையில் 32 குட்டி, 480 கிலோ. பத்தில் ஒரு பங்காக இருந்த பள்ளம் நாலில் ஒரு பங்கை நெருங்கிவிட்டது. மந்தையின் எண்ணிக்கையைக் காப்பது முதல் செலவு. எடைக் கூடுதல் அதற்குப் பிந்தியே பேசத் தொடங்கும். சாவா மூவா என்று எழுதிவைத்தவர்கள் இந்தப் பள்ளத்தைச் சதவீதமில்லாமலே அறிந்திருந்தார்கள். இதே கணக்கை மறுபக்கமும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கலப்பிலும் 72 குட்டி தேறுமானால் அது 1,080 கிலோ. நாட்டு ஆடு கிட்டேயே வர முடியாது. எனவே சண்டை இரத்தத்தைப் பற்றியதல்ல, குட்டி தேறும் இடத்தைப் பற்றியது.

இரண்டாம் மறுப்பு அந்த இடத்திலிருந்தே வருகிறது. நீலகிரிச் செம்மறி கலப்புதானே, அது நூறாண்டுக்கு மேல் நிலைத்துவிட்டதே? மன்னவனூர் மந்தையும் தலைமுறை தலைமுறையாக ஈன்றுகொண்டுதானே இருக்கிறது? உண்மை. நீலகிரிச் செம்மறி கலந்ததால் மட்டும் நிலைக்கவில்லை. கலந்தபின் வெளி இரத்தம் நின்று, மலையின் மழையும் குளிரும் குடற்புழுவும் பலவீனத்தை வடிகட்டியதால் நிலைத்தது. இன்று அது குடற்புழுவைத் தாங்கும் இனமாக மதிக்கப்படுகிறது. இந்தத் திறமை அங்கேயே ஈன்று, அங்கேயே தேறியவற்றால் சேர்ந்தது. மேல்தளத்தில் வெயிலின் தடை இல்லை. ஆகவே கலப்பின் நன்மை குட்டியாக மாற வழி இருந்தது. ஆனால் அந்த மேல்தளம் எவ்வளவு பெரியது? இருபதாம் நூற்றாண்டில் பழனி மலையிலும் நீலகிரியிலும் புல்வெளியின் பெரும்பகுதி சீகை, தைலம், பைன் மரத் தோட்டங்களாக மாறியது. கம்பளி ஆட்டுக்குப் பொருந்திய ஒரே நிலத்தை ஓர் அரசுத் துறை ஆராய்ந்துகொண்டிருந்தபோதே இன்னொரு துறை அதில் மரம் நட்டுக்கொண்டிருந்தது. செயற்கை இழை மலிந்து கம்பளிக்கு விலையும் போய்விட்டது. மேல்தளத்தின் வெற்றி உண்மையானது. சமவெளிக்கு அதை இறக்கிவைக்க முடியாது.

மூன்றாம் மறுப்பு, தூய்மையைப் பெரிதும் போற்றுபவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது. நாட்டு ஆட்டுக்கு நோயே அண்டாது என்ற நம்பிக்கையை 1997-98இல் நீலநாக்கு நோய் உடைத்தது. வடநாட்டில் அந்நோய் பெரும்பாலும் அயல் இனங்களையும் கலப்பினங்களையும் தாக்கியது. தமிழ்நாட்டில் நாட்டு மந்தைகளையே வாரிக்கொண்டு போனது. தூய்மைக்கு இன்னொரு விலையும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ராபர்ட் பேக்வெல் நெருங்கிய உறவுக்குள்ளேயே கூட்டி வளர்த்த லெஸ்டர் ஆடு விரைவில் கொழுத்தது. ஆனால் அதன் பெட்டைகள் குட்டியிலும் பாலிலும் சோடை என்ற குறை அக்காலத்திலேயே எழுந்தது. ஒரே பொலிகிடாவை ஆண்டுக்கணக்கில் மந்தையில் விட்டு, அது தன் மகள்களையே சினைப்படுத்தும் நிலை நம் பட்டிகளிலும் உண்டு. வேகமாக வளரும் கிடாக்குட்டி பக்ரீத்துக்கும் கோயில் கொடைக்கும் முதலில் விலைபோகிறது. வளர்ச்சி குன்றியது மந்தையில் தங்கித் தந்தையாகிறது. தூய்மை என்ற பெயரில் இப்படித் தலைகீழ்த் தேர்வு நடந்தால், குட்டிக் கணக்கில் நாட்டு ஆட்டுக்கு உள்ள முன்னிலை தானே கரைந்துவிடும்.

கடைசியாக ஒரு சோதனை, குட்டியை எண்ணுவதையே நேரடி நோக்கமாகக் கொண்டது. வங்கத்தின் சுந்தரவனச் சதுப்பில் வாழும் சிற்றுருவ காரோல் ஆடு இரட்டை, மும்மை குட்டி போடும். 1792, 1793இல் கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய வங்க ஆடுகளின் வழியே அந்தப் பண்பு அங்கே பூரூலா மெரினோ என்ற மந்தையில் வெளிப்பட்டது. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2001இல் அடையாளம் காணப்பட்டது. மகாராஷ்டிரத்தின் பல்டனில் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஒரே மரபணுவைத் தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்து, எஞ்சிய உடலைத் தக்காணியாகவே வைத்துக்கொள்ளும்படி மீண்டும் மீண்டும் தாய் இனத்தோடு சேர்த்தது. இங்கே கலப்பு இரத்தத்தைப் பாதி மாற்றுவதற்கு அல்ல, ஒரு பண்பை மட்டும் கடன் வாங்குவதற்குப் பயன்பட்டது. அதே மரபணு மாற்றம் நீலகிரிச் செம்மறியிலும் இருப்பதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கம்பளிக்காகக் கலந்த இனத்துக்குள் குட்டிக்கான செல்வம் இருந்ததை, கம்பளியை எடைபோட்ட காலமெல்லாம் எவரும் தேடவில்லை. ஆயினும் இரட்டைக்குட்டி எங்கும் வரம் என்று சொல்வதற்கில்லை. இரண்டு குட்டிக்குப் பால் சுரக்கத் தாய்க்குத் தீவனம் வேண்டும். ஐந்தாறு ஆட்டை வீட்டருகே கட்டி வளர்ப்பவருக்கு அது கூடும். முந்நூறு ஆட்டோடு நடக்கும் கிடைக்கு இரண்டாம் குட்டி பெரும்பாலும் இழப்பாகவே முடியும்.

இதிலிருந்து போடி அடிவாரத்துக்கும் மேல்தளத்துக்கும் இரண்டு தனிக் கொள்கைகள் கிடைக்கின்றன. மன்னவனூரைச் சுற்றியுள்ள குளிர்ந்த ஊர்களில் பண்ணைக் கிடாவைக் கொடுப்பது நியாயமானது. அங்கே கலப்பின் எடை குட்டியாகக் கைக்கு வரும். அடிவாரத்தில் கிடா கொடுக்க விரும்பும் எந்தத் திட்டமும் நாட்டு இனத்துக்குள்ளேயே தேட வேண்டும். நன்றாக ஈன்று வளர்த்த பெட்டையின் மகனைத் தேர்ந்து, இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை மந்தைக்கு மந்தை மாற்றிவிட வேண்டும். இரண்டு இடத்திலும் திட்டத்தை மதிப்பிடும் பதிவேடு ஒன்றாகவே இருக்கட்டும்: கொடுத்த கிடாவின் உயரமும் எடையும் வேண்டாம், அது சேர்ந்த நூறு பெட்டைக்கு, ஓராண்டு கழித்து எத்தனை குட்டி உயிரோடு நிற்கிறது என்ற ஓர் எண் போதும். அந்த எண்ணைக் கேட்காமல் வழங்கப்படும் கிடா, தூயதானாலும் கலந்ததானாலும், வளர்ப்பவருடைய செலவில் நடக்கும் சோதனைதான்.